ஏழாம் வேலிக்கு நேரே நான் எழுதிய ‘சரி’

துணி வேலி கட்டுவது பெண்ணால் ஆகாது என்று சொன்ன பதினோரு பேரை என் தங்கை வென்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு எதற்கு மேற்பார்வை என்று கேட்ட அலுவலகத்தை வென்றாள். மழை மேகம் கூடினால் மண் வெட்டும் பொக்லைனை நிறுத்தச் சொல்லும் உரிமையைக் கேட்டு வாங்கினாள். அந்த வேலைத்தளத்தில் இன்ஜினியரைத் தவிர வேறு யாருக்கும் அது கிடையாது. நூற்று நாற்பது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த மொட்டைச் சரிவிலிருந்து, மூன்று மழைக்காலமாக, கீழே இருந்த மீன் குளத்துக்குச் சேறு இறங்காமல் காத்தாள். ஒரே ஒரு நாள் தவறியது. அதற்குப் பிறகு அவள் வென்றது என்னை.

எங்களுக்குள் மூன்று வயது வித்தியாசம். செங்கல் சுமந்துகொண்டிருந்த அம்மா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். தங்கையைப் பள்ளியில் சேர்க்க இருந்த வருடம் அது. யாராவது ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும். “பெரியவ படிப்பப் பாதியில விட வேணாம். சின்னவ ஒரு வருஷம் கழிச்சுப் போகட்டும்” என்றார் அப்பா. அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. நான் எட்டாவது வரை படித்தேன். இவளை எப்போது அனுப்பப் போகிறீர்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மறந்துபோய் அல்ல. கேட்டால் என்னை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.

பல வருடம் கழித்து இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை அமைந்தது. நான் ஸ்டோரில், ஆணி முதல் தார்ப்பாய் வரை எண்ணி எழுதிக் கொடுக்கிறவள். அவள் மண் கூடை சுமக்கிறவள்.

சரிவை வெட்டினால் மண் தளர்ந்துவிடும். மழை வந்தால் கரைந்து கீழே ஓடும். அதைப் பிடிக்கத்தான் வெட்டிய இடத்துக்குக் கீழே, முட்டிக்கு மேல் உயரத்தில், துணியால் வேலி கட்டுவது. தண்ணீர் துணியில் கசிந்து வெளியேறும், மண் உள்ளேயே தங்கும். முதல் வருடம் வேலி கட்ட வந்தவர்கள் குச்சியை நட்டு, துணியை மாட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். முதல் மழைக்கே தண்ணீர் அடியில் புகுந்து ஓடிவிட்டது. சூப்பர்வைசர் துணி விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தார். கூடையோடு நின்ற என் தங்கை வாயைத் திறந்தாள்.

“துணி மேல தப்பு இல்லைங்க. அடிய மண்ணுக்குள்ள புதைக்கலைன்னா அது வேலி இல்ல, துவைச்சுக் காயப்போட்டது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. “எவ்வளவு ஆழம் புதைக்கணும்?” என்றார்.

“ஒரு சாண். புதைச்சு, மேல மண்ணப் போட்டு நல்லா மிதிக்கணும். குச்சிய தண்ணி வர்ற பக்கம் நடாதீங்க, போற பக்கம் நடுங்க. அப்பத்தான் துணி குச்சி மேல சாஞ்சு நிக்கும்.”

இருபது மீட்டரை அவளிடம் விட்டுப் பார்த்தார். அடுத்த மழையில் நின்றது அந்த இருபது மீட்டர்தான். அதன் பிறகு பன்னிரண்டு வேலிகளும், சேற்றுத் தண்ணீரைத் தேக்கித் தெளியவைக்கும் இரண்டு குழிகளும் அவள் பொறுப்புக்கு வந்தன. சூப்பர்வைசர்கள் போடும் மஞ்சள் தொப்பியும் வந்தது. பொக்லைன் ஓட்டுகிறவர் அவளுக்கு ‘வேலியம்மா’ என்று பெயர் வைத்தார். “வேலியம்மா, மேகத்தக் கொஞ்சம் சீக்கிரம் கூப்பிடு, எனக்கு டீ குடிக்கணும்” என்பார். “நீங்க டீ குடிக்க மேகம் எதுக்குண்ணே? வெயில்லயே அஞ்சு தடவ போறீங்களே” என்பாள் அவள்.

மழைக்காலத்தில் தினமும் காலை ஏழு மணிக்குள் அவள் பன்னிரண்டு வேலியையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்டோர் ஜன்னலுக்கு வருவாள். பதிவேடு என்னிடம் இருக்கும். வேலி எண், நிலை, ஆள் தேவையா, கையெழுத்து என்று நான்கு கட்டம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எட்டு மணிக்கு இன்ஜினியர் அதைப் பார்த்துத்தான் பழுது பார்க்க ஆள் அனுப்புவார். பதிவேட்டில் இல்லாத வேலைக்கு ஆள் கிடையாது. கையெழுத்துக் கட்டத்தில் அவள் பெயரையும் நானே எழுதினேன். கட்டைவிரல் மை பக்கத்தை அசிங்கப்படுத்தும் என்று சொல்லி அப்படி ஏற்பாடு செய்தவளும் நான்தான்.

அந்தப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் அதைப் புரட்டிவிட்டு, “அச்சடிச்ச மாதிரி இருக்கே” என்றார். அது எனக்குத் தலைக்கேறியது. அவசரத்தில் எழுதினால் எழுத்து கோணுகிறது என்று, அவள் வருவதற்கு முன்பே பன்னிரண்டு வரியிலும் ‘சரி’ என்று எழுதி, அவள் பெயரையும் போட்டு வைக்க ஆரம்பித்தேன். பெரும்பாலான நாட்களில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சின்னப் பழுதை அவளே பார்த்துவிடுவாள். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை அவள் மூச்சு வாங்க ஜன்னலுக்கு வந்தாள்.

“அக்கா, ஏழாம் வேலி. டிப்பர் ரிவர்ஸ் எடுக்கிறப்ப இடிச்சிருக்கான். மூணு குச்சி முறிஞ்சு, நாலு கை நீளத்துக்கு அடி பிடுங்கிக்கிச்சு. தண்ணி வந்தா நேரா குளத்துக்குத்தான். நாலு ஆள் வேணும்னு எழுது.”

“சரிடி.”

“பெருசா எழுதுக்கா. இன்னைக்கே வேணும்.”

“என் எழுத்து எப்பவும் பெருசுதான். நீ போ.”

அவள் சிரித்துக்கொண்டே போனாள். நான் பேனாவைத் திறந்தேன். ஏழாம் எண்ணுக்கு நேரே ‘சரி’ இருந்தது, பக்கத்தில் அவள் பெயர். அடித்து எழுதினால் இன்ஜினியர் காரணம் கேட்பார். முன்கூட்டியே எழுதுவது வெளியே வந்துவிடும். எட்டிப் பார்த்தேன், வானத்தில் ஒன்றும் இல்லை. நாளைக் காலை எழுதிக்கொள்ளலாம் என்று பதிவேட்டை மூடினேன். ஆள் போயிருப்பார்கள் என்று நம்பி, அவள் மேட்டின் மறுகோடியில் மண் குவியல்களுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை மீன் குளத்துக்காரர் ஒரு வாளியோடு மேலே ஏறி வந்தார். வாளியில் பத்துப் பன்னிரண்டு மீன்கள் செத்து மிதந்தன. செவுளெல்லாம் சேறு.

“மூணு வருஷமா உங்களப் பத்தி ஒரு குறை சொன்னதில்ல. இத நான் யார்கிட்டக் காட்டுறது?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

இன்ஜினியர் அவளை ஸ்டோருக்கு அழைத்துப் பதிவேட்டை என் மேசைமேல் விரித்தார். “ஏழாம் வேலி சரின்னு போட்டிருக்கு. உன் பேர்தான?”

“இல்ல சார், நான் ஆள் வேணும்னு சொன்னேன். அக்காகிட்ட...”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு முன்னால் ஆணிப் பெட்டி ஒன்று இருந்தது. நான் அதை எண்ண ஆரம்பித்தேன். அவர் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டது உண்டு. அவர் கேட்கவில்லை. எழுத்தில் இருப்பதற்கு மேல் யாரிடம் என்ன கேட்பது? மஞ்சள் தொப்பியை வாங்கிக்கொண்டு மண் கூடைக்கு அனுப்பினார்.

“என்ன வேலியம்மா, வேலி தாண்டிட்டியா?” என்று பொக்லைன்காரர் கேட்டார்.

“தாண்டலைண்ணே. அடியில போயிட்டேன்” என்றாள்.

அன்று மாலை வீட்டில், தேய்க்கப் போட்ட பாத்திரங்களுக்கு முன்னால் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். “அக்கா, நான் ஏழுன்னு சொன்னேனா? இல்ல வாய் தவறி வேற நம்பர் சொல்லிட்டேனா?”

“எனக்கு ஞாபகம் இல்லடி” என்றேன்.

அவளை நான் ஏமாற்றியதில் மிக மோசமானது பதிவேட்டில் இல்லை, இந்த வார்த்தையில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் எதையும் இரண்டு தடவை எண்ணத் தொடங்கினாள். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் வேலை முடிந்து அவளைக் காணாமல் தேடிக்கொண்டு கீழே போனேன். மீன் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடியில் படிந்த சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகத் தினமும் வருகிறாளாம்.

“போதும்மா, வீட்டுக்குப் போ. யார் தப்புன்னு நான் கேட்டனா?” என்றார் குளத்துக்காரர்.

“நீங்க கேக்கலைங்க. நான் சரியாப் பாக்காம விட்டது எனக்குத் தெரியுமில்ல” என்றாள் அவள்.

நான் கரையில் நின்றபடியே சொன்னேன். எதை எழுதினேன், எப்போது எழுதினேன், ஏன் மாற்றவில்லை, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை.

“அப்ப நான் ஏழுன்னுதான் சொன்னேன்” என்றாள்.

“ஏழுன்னுதான் சொன்னே.”

அவள் தலையை ஆட்டிவிட்டு இன்னும் இரண்டு வாளி அள்ளினாள். நானும் இறங்கினேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலை இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். “இதச் சொல்ல ஒம்பது நாளா?” என்று கேட்டார். பதிவேட்டை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். தொப்பியைக் கொடுத்து அவளைத் திரும்ப வேலிக்கு அனுப்பினார். அவள் உடனே போய்விடவில்லை.

“சார், அந்த நோட்டுல இனி என் பேர என்னைத் தவிர யாரும் எழுதக் கூடாது. எழுத்து வேணாம், கட்டம் மட்டும் போட்டுக் குடுங்க. நல்லா இருந்தா ஒரு கோடு, இல்லைன்னா பெருக்கல் குறி. நம்பர் எனக்குத் தெரியும். பேரக் கத்துக்கிறேன்.”

அன்று வீட்டில் நான் சிலேட்டும் பலப்பமும் வாங்கி வைத்திருந்தேன். அவள் பார்த்தாள். “வேணாங்க்கா. நீ சொல்லிக்குடுத்தா உன் எழுத்து மாதிரியே வந்துரும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்றும் உள்ளே நிற்கிறது. வேலைத்தளத்தில் கூலியாட்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மதிய இடைவேளைகளில் கற்றுக்கொண்டாள். கம்பியில் அடையாளம் போடும் சாக்குக்கட்டியை வைத்துத் தகரத் தடுப்பு முழுக்க எழுதிப் பார்த்தாள். முதல் எழுத்து தலைகீழாகவே வருகிறது என்று பிள்ளைகள் கேலி செய்ததாகப் பொக்லைன்காரர் வந்து என்னிடம் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கும் தகுதி எனக்கு அப்போது இல்லை என்று தோன்றியது.

அடுத்த பெரிய மழைக்கு மறுநாள் காலை, அவள் ஸ்டோர் ஜன்னலைத் தாண்டி நேரே இன்ஜினியர் அறைக்குப் போனாள். அறை வாசல் ஸ்டோருக்கு எதிரேதான். பத்து வேலிக்குக் கோடு போட்டாள். நான்காம் வேலிக்கும் ஒன்பதாம் வேலிக்கும் பெருக்கல் குறி. இரண்டிலும் துணியின் பாதி உயரத்துக்கு மண் ஏறியிருந்தது, அள்ளியாக வேண்டும். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். பேனாவை அவ்வளவு அழுத்தினால் அடுத்த பக்கத்திலும் பதியும் என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அவள் பெயர் கட்டத்துக்கு வெளியே போய், கோணலாக, ஒரு எழுத்து மற்றொன்றைவிடப் பெரிதாக விழுந்தது. நடுவில் ஒரு அடித்தல் இருந்தது. இன்ஜினியர் நான்கு ஆட்களை ஒன்பதாம் வேலிக்கும் மூன்று பேரை நான்காம் வேலிக்கும் அப்போதே அனுப்பினார்.

தேதியையும் அவளே எண்ணில் போட்டாள்: 17-7-2012. அன்று செவ்வாய்க்கிழமை.