ரூமா சொந்தோவில் பால் பொங்கிய நாள்

போன மாதம் சுங்கை சோ பக்கம் ஒரு புது வீடமைப்பைப் பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். வாங்குகிற வசதி வந்துவிட்டது என்று போகவில்லை. வாடகை வீட்டிலேயே பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கேட்டுப் பார்ப்பதில் என்ன வந்தது என்று போனோம். அங்கே இருந்த மலாய்ப் பெண் சிரித்த முகத்தோடு, "மாரி, தெங்கோ ரூமா சொந்தோ டூலு" என்று கூப்பிட்டாள். மலாயில் சொந்தோ என்றால் மாதிரி, உதாரணம். முதலில் மாதிரி வீட்டைப் பாருங்கள் என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கியும் விட்டது. வீட்டுக்காரர், "விலையைச் சொல்றதுக்கு முன்னாடியே அழுதா எப்படி?" என்றார்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். கோலசிலாங்கூர் போகிற சாலையை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். தோட்டம் கைமாறிவிட்டது. வாங்கிய கம்பெனியில் வெளிநாட்டுப் பணம் இருக்கிறது, இங்கே ஒரு பட்டணமே வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். தீபாவளிக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும், போகிற குடும்பங்களுக்கு வீடு கிடைக்கும் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார். எங்கே, எப்போது என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் லயத்துப் பக்கமே வரவில்லை. அம்மாவுக்கு அதே கவலைதான். விளக்கேற்றும்போதெல்லாம், "முருகா, எங்கள எங்க கொண்டு போய் வைக்கப் போற?" என்று கேட்டுத்தான் கும்பிடு முடியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, களையெடுக்கிற இடத்திலிருந்து தலைத்துணி அவிழ ஓடிவந்தார். எங்களோடுதான் அவரும் இருந்தார். சாலையில் ஒரு வேன் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனதாம்.

"ஏ புள்ள, வீடு தெறந்தாச்சு! ரூமா சொந்தோ, ரூமா சொந்தோன்னு கத்திக்கிட்டுப் போறான். எல்லாரும் வந்து பாக்கணுமாம்."

"நம்ம வீடுன்னு சொன்னானா அக்கா?"

"சொந்தம்னு சொல்றான், இன்னும் என்ன சொல்லணும்? மலாய்க்காரன் வாயிலயே தமிழ் வந்துருச்சு, நீ நம்ப மாட்டேங்கற!"

ரூமா என்றால் வீடு என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். மிச்சத்தை அவர் காது தமிழிலேயே கேட்டுக்கொண்டது. அப்பாவோ செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு லோரியில் எண்ணெய் ஆலைக்குப் போயிருந்தார். விளக்கிச் சொல்ல ஆளில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வாசல் தேடி வந்த சேதி, சும்மா கையை வீசிக்கொண்டு போகக் கூடாது என்றார் அம்மா. புதுவீடு புகுந்தால் பால் காய்ச்ச வேண்டும். பால், சர்க்கரை, பித்தளைச் சட்டி, குவளை, சூடம், வெற்றிலை, சுவரிலிருந்து இறக்கிய முருகன் படம் எல்லாம் கூடைக்குள் போயின. எனக்குப் பொங்கல் கவுனை மாட்டிவிட்டார்.

செம்பனையை வெட்டிச் சாய்த்த வெறும் மண்ணுக்கு நடுவில் அந்த ஒரு வீடு மட்டும் வெள்ளையாக நின்றது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை வைத்து உள்ளே போனோம். அப்படி ஒரு ஏர்கோன் குளிரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் மாடிக்கு ஓடி ஜன்னலோரக் கட்டிலை எனக்கென்று பிடித்து வைத்தேன். இறங்கி வந்து மேசையில் இருந்த ஆப்பிளைக் கடித்தேன். மெழுகு. தொலைக்காட்சிப் பெட்டி அட்டையில் செய்திருந்தது. பெரியம்மா அடுப்பைத் திருகு திருகு என்று திருகிப் பார்த்துவிட்டு, "கேஸ் இன்னும் குடுக்கல போல. கொழாயில தண்ணியும் வரல. நாம ரொம்ப சீக்கிரம் வந்துட்டோம்" என்றார்.

அம்மா மலைக்கவில்லை. கண்ணாடித் தட்டில் இருந்த பொம்மைகளைத் தள்ளிவைத்து முருகன் படத்தை நிறுத்தினார். வாசல் முகப்பில் மூன்று செங்கல்லைக் கூட்டி, காய்ந்த மட்டையைப் பற்றவைத்து, பாலை ஏற்றினார். புகை வீட்டுக்குள் போனது. புகையைப் பார்த்து, கழுத்தில் டை கட்டிய ஒரு தமிழ்ப் பையன் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தான்.

"ஆண்ட்டி, ஆண்ட்டி! என்னா பண்றீங்க? இது ஷோ ஹவுஸ் லா!"

"என்ன ஹவுஸா இருந்தா என்னப்பா, பால் காய்ச்சாம எப்படி?" என்றார் பெரியம்மா. "உங்கம்மா உன்ன வளத்த வீட்ல காய்ச்சலயா?"

அவன் சூடத்தைப் பார்த்தான், முருகனைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, காலில் பளபளவென்று இருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு அம்மா பக்கத்தில் குந்தினான். மெதுவாகச் சொன்னான். "இது மாதிரி வீடு ஆண்ட்டி. சொந்தோ. வாங்கறவங்க பாக்கறதுக்குக் கட்டி வச்சது. உங்களுக்கு ஃப்ளாட்டுன்னு சொல்றாங்க. அதுக்கு இன்னும் நெலமே பாக்கல."

"அப்ப இது யாருக்கு?" என்றார் அம்மா.

"வெளிநாட்டுலேர்ந்து வர்றாங்க ஆண்ட்டி. இப்ப ஒரு பஸ் வந்துரும்."

பெரியம்மா விலையைக் கேட்டார். அவன் சொன்னான். பெரியம்மா வாயில் கை வைத்தார். "ஏழு ஜென்மம் குலை அறுத்தாலும் இதுல கக்கூஸ் கூட வராதேடா!"

எனக்கு அந்தத் தொகை புரியவில்லை. ஆனால் சொந்தோ புரிந்தது. பள்ளியில் மலாய்ப் பயிற்சிப் புத்தகத்தில் சொந்தோ என்று போட்டு முதல் கேள்விக்கு அவர்களே விடை எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து அடியில் உள்ளதை நாங்கள் செய்ய வேண்டும். அப்படியென்றால் இதைப் பார்த்து இதே போல எங்களுக்கும் ஒன்று கட்டப்போகிறார்கள். இதற்கு ஏன் பெரியம்மா இப்படிப் பதறுகிறார்?

அதற்குள் பஸ் வந்துவிட்டது. பையன் அவசரமாகச் சப்பாத்தை மாட்டிக்கொண்டான். கீழே இறங்கிய ஆண்களும் பெண்களும் எந்த ஊர்க்காரர்கள் என்று எனக்குத் தெரியாது. அடுப்பையும் அம்மாவையும் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்தது. சுற்றி நின்று படம் பிடித்தார்கள். அவர்களைக் கூட்டிவந்த மேனேஜர் பெண்மணி முதலில் முகம் சுளித்தார், அவர்கள் படம் பிடிப்பதைக் கண்டதும் பையனிடம் ஏதோ சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "ஆண்ட்டி, அவங்களுக்குப் புடிச்சிருக்காம். பாதியில நிறுத்த வேணாங்கறாங்க."

"நாங்க என்ன கூத்தா ஆட வந்தோம்? எறக்குடி சட்டிய!" என்று பெரியம்மா எழுந்துவிட்டார்.

அம்மா அசையவில்லை. "அடுப்புல ஏத்துன பால பாதியில எறக்கக் கூடாதுக்கா. அது நம்ம வீடா இருந்தாலும் சரி, அடுத்தவங்க வீடா இருந்தாலும் சரி" என்றார்.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மா சூடம் காட்டிக் கண்ணை மூடி நின்றார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு பாலில் சர்க்கரை போட்டு, வந்தவர்களில் வயதான ஒரு பெண்ணுக்கு முதல் குவளையை நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். எங்களுக்குக் கம்பெனிப் பெயர் போட்ட குடை ஒன்று கொடுத்தார்கள். பெரியம்மா அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. வெட்டிப்போட்ட மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம். கேட்காமல் எனக்குப் பொறுக்கவில்லை.

"சாமிகிட்ட என்னம்மா கேட்டீங்க?"

அம்மா சட்டியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார். "இங்க குடி வர்றவங்க நல்லா இருக்கணும்னு கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இங்கே குடி வரப்போகிறவர்கள் நாங்கள்தானே. அம்மா கேட்டு முருகன் எதையும் இல்லை என்றதில்லை என்பார் அப்பா. ஆலையிலிருந்து அவர் வந்ததும் முதல் ஆளாகச் சொல்லிவிட வேண்டும், மாடியில் ஜன்னலோரக் கட்டில் எனக்கு என்று. கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லயத்தை நோக்கி ஓடினேன். ஓடினாலே திட்டுகிற பெரியம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுவீடு கிடைத்த சந்தோஷத்தில் திட்ட மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.