பாயம்மாவுக்கு வராத ரிவர்ஸ்

என் மகள் கார் ஓட்டும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் என் வலது கால் சும்மா இருக்காது. எதிரே ஓர் ஆட்டோ திரும்பினால் போதும், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்து அழுத்தென்று அழுத்தும். போன வாரம் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடி வாசலில் அவள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல அழுத்தினேன். அவள் வண்டியை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். "அம்மா, அங்க பிரேக்கே இல்ல. எனக்கு ஓட்டப் பயமில்ல, நீ அழுத்துறதப் பாத்துதான் கை நடுங்குது" என்றாள். வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்குப் பாயம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

இடப்பக்கமும் பிரேக் உள்ள காரை நான் முதன்முதலில் பார்த்தது அவரிடம்தான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கல்லூரி முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த என்னை, வேளச்சேரி போகும் சாலையில் இருந்த ஒரு சின்ன டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்க உட்காரவைத்தார்கள். அதை ஆரம்பித்தவரை ஊரே பாய் என்றது. அவர் மனைவி என்பதால் அவர் பாயம்மா. ஒற்றை அறைக் கடை, வாசலில் ஒரு மின்கம்பம், கம்பத்தை ஒட்டித் திறந்த சாக்கடை, அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. கம்பத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த இடுக்கில்தான் எங்கள் வெள்ளைக் கார் நிற்க வேண்டும். நான் சேர்ந்தபோது பாய் காரைத் தொடுவதை விட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் பயிற்சியின்போது ஓட்டியவர் பதறிப்போய் ஒரு சைக்கிள்காரர் மேல் ஏற்றிவிட்டார். சைக்கிள்காரர் கால் முறிந்து, பிறகு தேறி, நடமாடவும் ஆரம்பித்துவிட்டார். தேறாதவர் பாய்தான். பிரேக் அவர் காலடியில் இருந்தது. "என் காலு என் பேச்சக் கேக்கல" என்று அவர் ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு அவர் காரில் ஏறவில்லை, ரோட்டைப் பார்த்து உட்காரவும் இல்லை. ஸ்டூலைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்.

பாய்க்குப் பதிலாகச் சம்பளத்துக்கு வைத்த ஓட்டுநர் நின்றுபோனதும் பாயம்மா தானே இறங்கினார். கல்யாணமான புதிதில் பாய் ஆசையாகக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் எடுத்துக் கொடுத்திருந்தார். "அவரோட மொத ஸ்டூடண்டே நான்தான்" என்று சொல்லும்போது பாயம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காலையில் சமைத்து அடுக்கிய டிபன் கேரியரோடு வருவார். காரை ஒரு பழைய துணியால் துடைப்பார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு இடப்பக்கம் ஏறிவிட்டால் அது வேறு பாயம்மா. டீச்சர்கள், ஆபீஸ் போகும் பெண்கள், வெளிநாட்டில் மகன் இருக்கும் மாமிகள் என்று எத்தனை பேர் வந்தார்கள். "பிரேக் என் கால்ல கீது. நீ ரோட்ட மட்டும் பாரு கண்ணு" என்பார். அந்தக் குரலை நம்பி எமனையே ஏற்றிக்கொண்டு சானடோரியம் வரைக்கும் ஓட்டலாம். மதியம் எங்கே இருந்தாலும் கடைக்கு வந்துவிடுவார், அவர் பரிமாறாவிட்டால் பாய்க்குச் சோறு இறங்காது.

இத்தனை கெட்டிக்காரிக்கு ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. சாயங்காலம் கடை வாசலில் காரை ரிவர்ஸில் நிறுத்தத் தெரியாது. நாள் தவறாமல் கோணிக்கொண்டு போகும். ஒரு நாள் கம்பத்தை உரசப் போகும், மறுநாள் பின்சக்கரம் சாக்கடை விளிம்புக்கு வந்து நிற்கும். டீக்கடையில் அதற்கென்றே ஆட்கள் கிளாஸும் கையுமாகக் காத்திருப்பார்கள். "என்னங்க, செத்த வந்து பாருங்களேன்" என்று பாயம்மா கூப்பிடுவார். உள்ளே முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் மனிதர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வருவார். "லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. அடியே, நேராக்கு, நேராக்கு... வா, வா, வா... ஓல்டான்!" என்று கையை ஆட்டிக் கத்துவார். வண்டி நின்றதும் "இது கூட வரல, நீ என்னாத்த சொல்லிக் குடுக்கிற" என்று திட்டிவிட்டு டீ வாங்கிக் குடிப்பார். பாயம்மா சிரித்துக்கொண்டே சாவியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்குக் கார் நிறுத்தத் தெரியாது என்று ஊர் சிரித்தால் யார் வந்து சேருவார்கள்? ஒரு தடவை மனைவியைச் சேர்த்துவிட வந்த ஒரு சார், இந்தக் கூத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரோம்மா" என்று நழுவினார். "அக்கா, நீங்களே காலி மைதானத்துல ரெண்டு நாள் போட்டுப் பழகிட்டு வாங்களேன்" என்று பாயம்மாவிடமே சொன்னேன். "வரலியே கண்ணு, என்ன பண்றது" என்றார், கொஞ்சமும் உறுத்தலே இல்லாமல்.

பிறகு ஒரு நாள் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கூட்டிப்போனார். அனகாபுத்தூரில் ஒரு குறுகலான சந்துக்குள் நுழைந்துவிட்டேன். எதிரே தண்ணீர் லாரி வந்து நின்றது. பின்னால் சைக்கிள்கள், குடங்கள், ஒரு வீட்டு வாசலில் கோலம் வேறு. எனக்குக் கை கால் ஓடவில்லை. "நீ இந்தாண்ட வா" என்று இடம் மாறினார். கழுத்தைத் திருப்பி ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். வண்டி சந்தின் வளைவுகளில் ஒரு குடத்தில்கூடப் படாமல், ஒரே சீராகப் பின்னால் போய் ரோட்டில் ஏறி நின்றது. கோலம் அப்படியே இருந்தது. லாரிக்காரரே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு சலாம் வைத்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். "அக்கா, அப்ப கடை வாசல்ல?" என்று கேட்டேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். "மொத நாளு நெசமாவே வரல. பதட்டம். அப்ப அவரு எந்திரிச்சு வெளிய வந்தாரு. மாசக்கணக்கா ரோட்டையே பாக்காத மனுசன், வந்து நின்னு, ஒடி, நேராக்குன்னு கத்துறாரு. பழைய கொரலு. எனக்கு அழுகையே வந்துருச்சு" என்றார். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிலேர்ந்து எனக்கு அங்க மட்டும் ரிவர்ஸ் வரதில்ல." யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஊரார் சிரிப்பு, கைவிட்டுப் போன வாடிக்கை எல்லாவற்றையும் தெரிந்தே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார் இந்தப் பெண்பிள்ளை. கணவர் மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியது. ஏறுங்கள் என்று ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அது நடந்த நாளில் மழை. ரோடு முழுக்கச் சேறு. பாயம்மா சாயங்காலம் வழக்கம்போல வண்டியைக் கோணலாக விட்டார். பின்னால் ஒரு பஸ் வந்து மாட்டிக்கொண்டது. ஹாரன் காதைப் பிளந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "இன்னாம்மா, ஸ்கூலுன்னு போர்டு மாட்டிகினு ரிவர்ஸ் எடுக்கத் தெர்ல? பேஜாரு பண்ணிகினு! வூட்ல போய் சோறாக்கு, போ!" என்று கத்தினார். டீக்கடையில் சிரிப்பு. கையை ஆட்டிக்கொண்டிருந்த பாயின் முகம் மாறிவிட்டது. இத்தனை நாள் அவரே திட்டியதுதான். வேறு ஒருவன் திட்டியதை அவரால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். "எறங்கு நீ. நான் வெக்கிறேன்."

பாயம்மா இறங்கினார். அப்படியே சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறிக்கொள்வார் என்று நினைத்தேன். அங்கேதான் பிரேக் இருந்தது. சக்கரத்திலிருந்து நாலு விரல் தள்ளிச் சாக்கடை, பின்னால் ஊர் ஜனம், ஸ்டியரிங்கில் மாதக்கணக்காக அதைத் தொடாத இரண்டு கைகள். யாராக இருந்தாலும் ஏறியிருப்பார்கள். பாயம்மா ஏறவில்லை. மழையில் நனைந்துகொண்டு கம்பத்துப் பக்கம் போய் நின்றார். "ரைட்டுல ஒடிங்க... நேராக்குங்க... வாங்க, வாங்க" என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. நான் வாசலில் நின்று அவர் காலைப் பார்த்தேன். வலது கால் செருப்போடு சேற்றை அழுத்திக்கொண்டிருந்தது. வண்டி பின்னால் வர வர இன்னும் அழுத்தியது, செருப்பு புதைந்து விரல்கள் வெளுத்துப்போயின. "ஓல்டான்!" என்றார். வண்டி நின்றது.

பாய் இறங்க வெகு நேரமாயிற்று. பஸ் போய்விட்டது. இறங்கியவரிடம் பாயம்மா, "லேசா கோணலா கீது. பரவால்ல, நாளைக்கு வந்துரும்" என்றார். பாய்க்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுநாள் காலையில் முதல் வகுப்புக்குப் போய் வந்த பாயம்மா, ஒரே மூச்சில், நூல் பிடித்த மாதிரி அந்த இடுக்கில் வண்டியை நிறுத்தினார். பாய் காரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். டீக்கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தார். அந்த வாரமே ஸ்டூல் ரோட்டைப் பார்த்துத் திரும்பியது. கொஞ்ச நாளில் அவரும் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை இருக்கிறது. பாயும் பாயம்மாவும் தங்கள் மகள் வீட்டோடு போய்விட்டார்கள் என்று கேள்வி. போன வாரம் என் மகள் முறைத்துக்கொண்டிருந்தபோது, சீட் பெல்ட்டைக் கழற்றினேன். "எங்கம்மா போற?" என்றாள், குரலில் கோபம் போய் லேசான பயம் வந்திருந்தது. "நீ வை. நான் வெளிய நின்னு பாக்குறேன்" என்று இறங்கிச் சுவரோரம் போய் நின்றேன். வண்டி மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. "வா, வா" என்றேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அது அவள் கண்ணில் படாதபடி புடவையை இழுத்து மூடிக்கொண்டேன்.