பூட்டிய அலமாரிகளைப் பார்க்கப் போனேன்

காலை எட்டே கால். மலாக்கா சென்ட்ரலில் டுரியான் துங்கால் பேருந்தில் ஏறினேன். கட்டணம் மூன்று வெள்ளி. மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு பெட்டி. இரண்டிலும் தமிழ்ச் சிறுவர் கதைகள். ஒரு தோட்டப் பள்ளியின் நூலகத்துக்காகத் தோழிகளை நச்சரித்துச் சேர்த்தவை. ரெம்பியா பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவிய குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று நகரத்தில் கணக்காய்வாளர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஒன்பது மணி, டுரியான் துங்கால். தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர், பேருந்து கிடையாது. பள்ளி வேன் ஓட்டும் செல்வம் அண்ணன் அழைத்துப் போக வந்திருந்தார். அவர் மகள் கவிதா அங்கே ஆறாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த ஆண்டு மலாய் இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ்க் கதைப்புத்தகம் கிடைப்பது அரிது. செம்பனை மரங்களுக்கு நடுவே போகும்போது, பள்ளியின் புதிய நூலகம் எப்படி என்று கேட்டேன்.

“எயர்கோன் ரூம் லா, தங்கச்சி. வகுப்புல புள்ளைங்களுக்குக் காத்தாடி, புத்தகத்துக்கு எயர்கோன். அதுக்குத்தான் ரொம்ப வேர்க்குது போல.”

சிரித்தேன். பள்ளிக்குள் போனதும் சிரிப்பு போய்விட்டது.

தலைமையாசிரியை கைப்பையிலிருந்து சாவி எடுத்து நூலகத்தைத் திறந்தார். செருப்பை வெளியே விடச் சொன்னார். உள்ளே கம்பளம், கண்ணாடி அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. நூலகத்தைக் கட்டிக் கொடுத்தவர் பழைய மாணவர். இறந்துபோன தம் தாயார் பெயரில் கட்டியிருக்கிறார். சரஸ்வதி பூஜையன்று திறப்பு விழா. அன்று எல்லாப் புத்தகங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜை செய்திருக்கிறார்கள். பொட்டு இன்னும் அழியவில்லை. அழிய ஒரு கையாவது பட்டிருக்க வேண்டுமே.

இடைவேளையில் ஒரு சிறுமி துணியோடு வந்து கண்ணாடியைத் துடைத்தாள். அவள்தான் கவிதா, நூலக மாணவத் தலைவி. இவற்றில் எதைப் படித்தாய் என்று கேட்டேன்.

“பேரு எல்லாம் தெரியும் அக்கா. உள்ளாற என்னா இருக்குன்னு தெரியாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளியை விட்டுப் போவதற்குள் இவளுக்கு ஒரு புத்தகமாவது கொடுங்கள் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். அவர் கெட்டவர் அல்லர். ஒரு தாள் கிழிந்தாலும் கட்டிக் கொடுத்தவர் மனம் நோகும், மின்கட்டணமும் அவர்தான் கட்டுகிறார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பூஜை போட்டதும்மா. சாமிக்குப் படைச்சத எப்படி எடுத்துக் கொடுக்கறது?”

“சாமிக்குப் படைச்சத யாருக்கும் கொடுக்காம பூட்டி வைக்கிற கோயில நான் பார்த்ததே இல்ல, டீச்சர்.”

சாவி அவர் கைப்பையை விட்டு வரவில்லை. என் பெட்டிகளை வைக்க ஓர் அலமாரியைக் காலி செய்து தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் படித்த பள்ளியில் நூலகம் என்பது படிக்கட்டின் கீழே கதவு உடைந்த ஓர் அலமாரி. யாரும் எடுக்கலாம். பாதி திரும்பி வராது. வந்ததில் பாதிக்கு அட்டை இருக்காது. அந்த அலமாரிதான் என்னை ஆளாக்கியது. இப்போது பள்ளி நூலகங்கள் வளர்ந்துவிட்டன என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கட்டடம் வளர்ந்திருக்கிறது. கம்பளம் வளர்ந்திருக்கிறது. படிக்கிற பிள்ளையைத்தான் காணோம்.

ஒன்றே கால், பள்ளி விட்டது. பெட்டிகளை வேனின் பின் இருக்கையில் திறந்து வைத்திருந்தேன். இனி அவை வேனிலேயே இருக்கும், வீட்டுக்கும் எடுத்துப் போகலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். காணாமல் போனால் என்ன செய்வது என்றார் செல்வம் அண்ணன். போகட்டும் என்றேன். சின்னப் பிள்ளைகள் பாய்ந்து அள்ளினார்கள். கவிதா மட்டும் தொடவில்லை.

“கை கழுவிட்டு வரட்டா அக்கா?”

அவளை இருக்கையில் உட்கார வைத்து, ஒரு புத்தகத்தை நடுவில் விரித்து மடியில் வைத்தேன்.

வேன் செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டே போனது. சாப்பிட்டாயா என்று செல்வம் அண்ணன் மகளைக் கேட்டார். பதில் இல்லை. கொஞ்சம் தள்ளி, மறுபடியும் பெயர் சொல்லி அழைத்தார். அவள் ஒரு தாளைப் புரட்டினாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு டுரியான் துங்கால் வரை அவர் வாயைத் திறக்கவில்லை.