வெள்ளம் வருது

பயம் எனக்குப் பிறவிக் குணம். இரணியலில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமான நாகர்கோவில் வரும் வரை கதவுப் பக்கத்திலேயே நிற்பவள் நான். உட்கார்ந்து, எழுந்து, இறங்கப் போவதற்குள் வண்டி எடுத்துவிட்டால் என்ன செய்வது? இப்படிப்பட்ட என்னை எங்கள் சபையின் பெண்கள் சங்கம் இலங்கைக்கு அனுப்பத் தீர்மானித்தபோது வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாவ. உனக்கு உச்சி வெயில்லயும் பேய்தான். நீ போய் அடுத்தவங்களுக்கு தைரியம் சொல்லப் போறியா?" என்றார்.

சொல்லத்தான் போனோம். அங்கே மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். முந்தின வருஷ மழையில் ஓடை பெருகி, மேலிருந்து மண்ணும் சரிந்து, தொழிலாளர் வீடுகளில் ஒரு வரிசையை அப்படியே கொண்டுபோயிருந்தது. அங்குள்ள சின்னச் சபை, தாய்மாரோடும் பிள்ளைகளோடும் ஒரு வாரம் வந்து இருக்க முடியுமா என்று கேட்டிருந்தது. எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் மிஷன் ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அப்படிச் சேர்ந்ததில்தான் எங்கள் பயணம். அதுவே எனக்கு முதல் கவலை. யார் யார் வீட்டுப் பானையிலோ ஒரு பிடி குறைந்துதான் நாங்கள் விமானம் ஏறுகிறோம். போன இடத்தில் ஏதாவது குளறுபடி செய்துவிட்டு வந்தால் ஊரில் யார் முகத்தில் விழிப்பது?

ஆறு பெண்கள் போனோம். எங்களுக்குத் தலைவி போதகரம்மா. நான் பள்ளிக்கூட டீச்சர் என்பதால் பிள்ளைகள் என் பொறுப்பு. என் அண்ணன் மனைவியும் வந்தாள், எங்கள் பேச்சில் மைனி. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நான் பாஸ்போர்ட்டைப் பைக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த முறுக்கை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மைனி திருவட்டாற்றுக்கும் மேற்கே பிறந்தவள். நான் சுசீந்திரத்துக்காரி. ஒரே மாவட்டம்தான், ஆனால் நாங்கள் தண்ணீர் குடிப்போம், அவர்கள் வெள்ளம் குடிப்பார்கள். கிழக்கே கல்யாணமாகி வந்து எத்தனையோ வருஷமாகியும் அவள் தண்ணீர் எடுத்தாயிற்றா என்பதை "வெள்ளம் கோரியாச்சா?" என்றுதான் கேட்பாள். அதைச் சொல்லி நாங்கள் அவளைக் கேலி செய்யாத நாளில்லை.

போன முதல் நாளே அந்தச் சொல் வேலையைக் காட்டியது. லயன் என்று அங்கே சொல்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் நுழைந்து, "கொஞ்சம் வெள்ளம் தாருங்கோ" என்று கேட்டாள் மைனி. அந்த வீட்டுப் பெண் முகம் மாறி வாசலுக்குப் போய் மலையை அண்ணாந்து பார்த்தாள். "தண்ணி, தண்ணி. குடிக்கத் தண்ணி கேக்காவ" என்று பதறிக்கொண்டு சொன்னேன்.

அன்று மாலை ஜெபம் முடிந்ததும் போதகரம்மா மைனியிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "இங்க அந்த வார்த்த வாயில வரப்பிடாது."

"நான் இனி வாயையே தொறக்கல்ல, போருமா?" என்றாள் மைனி. அவளாவது, வாயைத் திறக்காமல் இருப்பதாவது. அடுத்த நிமிடமே தன் காலில் ஏறிய அட்டையைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினாள்.

பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் லயனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. பிள்ளைகளுக்கு நடுவே ஒரு தாயும் தினம் வந்து உட்காருவாள். முப்பது வயதுகூட இருக்காது. மடியில் ஐந்து வயது மகள். அந்தக் குழந்தைக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். மண் சரிந்த அன்று அதோடு போய்விட்டான். அதன்பிறகு தாய் மகளை விட்டு ஓர் எட்டு நகர்வதில்லை, கொழுந்து பறிக்கவும் போவதில்லை என்று அங்கிருந்த சபைப் பெண் எனக்குச் சொன்னாள். நான் தாய்க்குச் சொல்வதற்கு ஒரு வசனத்தைத் தேடி வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் அது வாயில் வரவில்லை.

நான்காம் நாள் காலையில் அவள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள்.

"டீச்சர், இன்னைக்கு மலைக்குப் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். பாப்பாவ உங்ககிட்ட விட்டுட்டுப் போகட்டுங்களா?"

"தாராளமா போங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"கையப் புடிச்சே வச்சுக்கங்க டீச்சர். கொஞ்ச நேரந்தான்."

குழந்தையின் கையை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மேலே ஏறிப் போனாள். எங்களவர்களுக்கெல்லாம் சந்தோஷம். போதகரம்மா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். நானோ கரும்பலகையில் எழுதும்போதும் இடது கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டேதான் எழுதினேன். அவள் கை வியர்த்திருந்தது. வியர்த்தது என்னுடைய கையாகவும் இருக்கலாம்.

லயனுக்கு வரும் குழாய் எங்கேயோ உடைந்து, நாங்கள் போன நாள் முதல் தண்ணீர் இல்லை. பெண்கள் ஓடையில் இறங்கிக் குடம் சுமந்தார்கள். நம்மால் ஆன ஒத்தாசை என்று மைனி தினமும் வாளியோடு போய்க் குழாயைத் திருகிப் பார்ப்பாள். அன்று முற்பகலில், தூறல் போட்டுக்கொண்டிருந்தபோது, குழாய் இரண்டு மூன்று முறை இருமிவிட்டுக் குபுகுபுவென்று கொட்டத் தொடங்கியது. சந்தோஷத்தில் யாருக்கும் வாயில் வருவது பிறந்த வீட்டுப் பேச்சுதானே.

"வெள்ளம் வந்தாச்சு! வெள்ளம் வருது! எல்லாரும் ஓடி வாருங்கோ!"

எங்கள் சபையில் பாட்டைத் தொடங்கி வைக்கிற தொண்டை அது. மலை முழுக்கக் கேட்டது.

எனக்கு முதலில் ஒன்றுமே உறைக்கவில்லை. அப்பாடா, இன்று குளிக்கலாம் என்றுதான் நினைத்தேன். அத்தனை வருஷம் கேட்ட காதுக்கு அது மைனியின் வெள்ளமாகவே விழுந்தது. பிறகுதான் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். ஒரு பிள்ளையும் அழவில்லை, சத்தம் போடவில்லை. பெரிய பெண்கள் சின்னவர்களைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக மேட்டைப் பார்த்து ஓடினார்கள். யாரோ அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். "மக்கா, நில்லுங்க! அது குழாய்த் தண்ணி!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் கொட்டகை காலி. என் கையும் காலி. பாப்பா எப்போது உருவிக்கொண்டாள் என்று தெரியவில்லை.

வெளியே வந்தால் லயன் மொத்தமும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிழவரை இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆடுகளை அவிழ்த்து விட்டிருந்தார்கள். குழாயடியில் நிறைந்து வழிகிற வாளிக்குப் பக்கத்தில் மைனி மட்டும் நின்றாள்.

"எதுக்காக்கும் எல்லாரும் அங்கோட்டு ஓடுதாவ?" என்று என்னைக் கேட்டாள். கேட்ட வாயோடு அவளுக்கே புரிந்துவிட்டது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் திட்டக்கூட எனக்கு நேரமில்லை.

மேட்டில் மாரியம்மன் கோவில். மழை என்றால் அங்கே கூடுவதென்று அவர்களுக்குள் ஏற்பாடு. ஊரில் கோவில் திருவிழா என்றால் சுற்று வழியில் போகிற எங்கள் போதகரம்மா, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோவில் முற்றத்தில் நின்று, ஒவ்வொருவரின் கையாகப் பிடித்து "ஒண்ணுமில்ல, வெறும் குழாய்த் தண்ணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிள்ளைகளை ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் இல்லை. கோவிலைச் சுற்றிப் பார்த்தேன். அங்கும் இல்லை.

கீழே ஓடை சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் போயிருப்பாளோ? 'ஆண்டவரே, ஒரு பிள்ளையப் பறிகொடுத்தவ. மிச்சமிருக்கறதையும் எங்க கையாலயா எடுக்கணும்?' என்று அவரிடம் சண்டைக்கே நின்றேன். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது. மலையிலிருந்து கூடையோடு ஓடி வந்த ஒரு பெண்ணை மறித்துக் கேட்டேன்.

"பாப்பாவா? அம்மாவத் தேடி மேல ஓடுச்சுங்க" என்றாள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறினேன். சேலை கிழிந்தது, இரண்டு தரம் வழுக்கி விழுந்தேன். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். ஒரு திருப்பத்தில் முதலில் கண்ணில் பட்டது கவிழ்ந்து கிடந்த கூடையும் சேற்றில் சிதறிய கொழுந்தும்தான். அதற்கு அந்தப் பக்கம் தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். உயிர் வந்தது எனக்கு. நானும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"வெள்ளம் வரல்ல" என்றேன். "எங்க ஊர்ல மேற்க குடிக்கிற தண்ணியத்தான் வெள்ளம்னு சொல்லுவாவ. குழாய்ல தண்ணி வந்திட்டு. அந்தச் சந்தோஷத்துல எங்க மைனி..."

அவள் கண் இமைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"வெள்ளத்தையா குடிப்பீங்க?"

"ஆமா."

சிரிப்பாள் என்று தோன்றியது. சிரிக்கவில்லை. கீழேயிருந்து மைனி அழுகிற சத்தம் கேட்டது. அதற்கும் அதே தொண்டைதான்.

"மைனி வேணும்னு செய்யல்ல. இருங்க, கீழ போய் அவங்களுக்கு நான் நல்லா குடுக்கேன்" என்றேன்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சர்" என்றாள். மகளின் தலைமுடியில் ஒட்டியிருந்த இலையை எடுத்துக் கீழே போட்டாள். "போன தடவ யாருமே கத்தலைங்க."