கிரானைட் தரையில் கொட்டிய பொரி

தாடிக்கொம்பு சாலையில் வரவிருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் உட்புறத்தை, கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் படமாக்கித் தரும் வேலை எனக்கு வந்தது. திண்டுக்கல்லில் ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் நான் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. முதல் படத்தைப் பார்த்த மண்டபக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"என்னப்பு, இன்னும் ஒரு கல்யாணம்கூட நடக்கல, அதுக்குள்ள தரையெல்லாம் பொரி கொட்டிக் கெடக்கு?"

பொய்யில்லை. கறுப்பு கிரானைட் தரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மேலே தொங்கிய சரவிளக்கின் குட்டி பல்புகள்தான் காரணம். படம் வரையும் மென்பொருள் ஒளிக்கதிர்களைக் குருட்டாம்போக்கில் எறிந்து பார்க்கிறது. பளபளக்கும் தரையில் தெறிக்கும் கதிர்களில் எப்போதாவது ஒன்று நேராகப் போய் பல்பில் முட்டிவிட்டால், அந்த ஓரிடம் மட்டும் வெள்ளையாக எரியும். கதிர்களைப் பல மடங்கு கூட்டினால் சரியாகும். அதற்கு கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓட வேண்டும். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலம் அது. பாதிப் படத்தில் நின்றால் மறுபடி முதலிலிருந்து.

அதனால் குறுக்கு வழியில் போனேன். புள்ளிகளை மங்கலாக்கும் வடிகட்டியைப் படம் முழுக்க ஓட்டினேன். பொரி போனது. கூடவே கிரானைட்டுக்குள் இயல்பாக மினுங்கும் பொடிப் புள்ளிகளும் போயின.

"ஏலே, கல்லு எடுக்க நானே குவாரிக்குப் போயி வந்தேன். நீ அம்புட்டையும் சிமெண்டு தரையாக்கிட்டியே!"

அவர் போனதும் பொறியாளர் சொன்னார்: "தம்பி, இந்தப் படத்தைப் பெருசாக்கி வெள்ளிக்கிழமை விளம்பர போர்டு வைக்கணுமாம். ஒன்னால ஏலலைன்னா சொல்லிரு, மதுரையில வேற ஆளுக்குக் குடுத்துருவோம்."

படம் மதுரைக்குப் போனால் என் நாற்காலியும் போய்விடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். "எம்மவன் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறான்" என்பாள் அம்மா. அது என்ன வேலை என்று யாராவது கேட்டால், அடுப்பில் வெஞ்சனம் கொதிக்கிறது என்று உள்ளே போய்விடுவாள்.

மறுநாள் காலை, கரண்ட் போவதற்குள் முடியட்டும் என்று கதிர்களைக் குறைத்து ஒரு படம் எடுத்தேன். கரண்ட் வந்தபின் இன்னொன்று. எது தேவலாம் என்று பார்க்க, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து மேலிருப்பதை மறைத்தும் காட்டியும் பார்த்தேன்.

பொரி குதித்தது! மணமேடை ஓரம் இருந்த வெள்ளைப் புள்ளி இரண்டாவது படத்தில் வேறெங்கோ இருந்தது. கிரானைட்டின் சொந்தப் புள்ளியோ வைத்த இடத்திலேயே இருந்தது.

நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். மென்பொருள் ஒவ்வொரு முறையும் கதிர்களைப் புதிதாகக் குலுக்கிப் போடுகிறது. தற்செயலாக வந்த புள்ளி இடம் மாறும். கல்லில் உள்ளது மாறாது. அப்படியானால் நீண்ட நேரம் ஓடும் ஒரே படம் எதற்கு? கரண்ட் இருக்கும் நேரங்களில் ஒவ்வொன்றாக ஐந்து படம் எடுத்தேன். பிறகு சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து படங்களின் வெளிச்சத்தையும் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்பதை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். ஒரு படத்தில் மட்டும் எரியும் புள்ளி, வரிசையின் கடைசிக்குப் போய் ஒழியும்.

மண்டபக்காரர் திரையில் மூக்கு படும்படி குனிந்தார். தரையில் கல்லின் பொடிப் புள்ளிகளுக்கு நடுவே சரவிளக்கு தலைகீழாகத் தெளிந்து கிடந்தது.

"இது என் கல்லுதான்" என்றார். பிறகு பொறியாளர் பக்கம் திரும்பி, "மதுரைக்கு என்னத்துக்குய்யா போகணும்?"

போர்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் எழுந்தது. அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"இந்த மண்டபம் எங்கிட்டு இருக்கு?"

"இன்னும் கட்டவே இல்லம்மா."

"போடா! தரையில வெளக்கு தெரியுது, கட்டலையாம்ல."

"நான்தாம்மா போட்டேன். வெளக்கு, தரை, எல்லாமே."

அம்மா மறுபடி அண்ணாந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் பூ விற்ற அம்மாளின் தோளைத் தட்டி, மேலே கையைக் காட்டினாள். எங்கள் ஊர் டவுன் பஸ் வந்து நின்றது.

"அடுத்த பஸ்ஸுல வாரோம், நீங்க போங்க" என்று நடத்துனரிடம் சொல்லிவிட்டு, மறுபடி பூக்காரம்மாள் பக்கம் திரும்பினாள்: "அந்தத் தரையப் பாரு தாயி, எம்புட்டு சுத்தம்!"