அம்பாசிடருக்குப் பீங்கான் முட்டு

அப்பாவின் அம்பாசிடரில் ஒன்பது பேர் நெருக்கியடித்து ஸ்ரீமுஷ்ணம் தேருக்குப் போவோம். அவர் காலத்துக்குப் பிறகு துருப்பிடித்துக் கிடந்ததை நானே சரிசெய்கிறேன், பாதிதான் முடிந்திருக்கிறது. போன மாதம் முன்சக்கர சஸ்பென்ஷனில் அதிர்வு தாங்கும் புது ரப்பர் புஷ் போட்டேன். அதைச் சரிபார்க்க வண்டியைத் தூக்கி, எங்கள் விருத்தாசலத்தில் எங்கும் கிடக்கும், பீங்கான் ஆலைகள் கழித்த மின்கம்ப இன்சுலேட்டர்களை முட்டுக் கொடுத்து அடியில் படுத்தேன். புஷ் சரியாக இருந்தது. ஆனால் வண்டியின் அடித்தகட்டில் அப்பா தகரம் வைத்து அடைத்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே கிடந்தேன்.

"பீங்கான நம்பிப் படுத்திருக்கீங்களே, வெளிய வாங்க!" என்று மனைவி கத்தினாள்.

"உனக்கு என்னாடி தெரியும்?" என்று சண்டை போடத்தான் வெளியே வந்தேன். பின்னால் படாரென்று சத்தம். பீங்கான் நொறுங்கி, நான் படுத்திருந்த இடத்தில் வண்டி உட்கார்ந்திருந்தது.

பீங்கான் சொல்லிக்கொண்டு உடையாது என்று இந்த ஊர்க்காரனுக்குத் தெரியாதா? தெரியும். திமிர். இப்போது இரும்பு ஸ்டாண்டு வைத்து, அவள் ஆட்டிப் பார்த்துச் சரியென்ற பிறகே அடியில் போகிறேன்.