நேர்ந்துவிட்ட சேவல்

கழுத்தை நிமிர்த்தினால்தானே கூவும்? அதனால் ராஜாம்பாள் சேவலைப் பிடித்துத் தலையை அமுக்கி, பலகைப் பெட்டிக்குள் தள்ளிக் கொக்கி போடுகிறாள். முழங்கால் உயரம்கூட இல்லாத பெட்டி. உள்ளே சேவல் குனிந்தபடியே கிடக்க வேண்டும். "கோச்சிக்காதடா, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று இடுக்கில் வாயை வைத்துச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள்.

பார்ப்பது நந்தகுமாரின் பைக்கை. அவர் ரயில் ஓட்டுபவர். இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம். பைக் நின்றால் சேவல் பெட்டியில், கிளம்பினால் வெளியில். அவருடைய டூட்டி நேரம் அவர் மனைவியைவிட இவளுக்குத்தான் தெரியும் என்று தெருவே கேலி செய்யும், எதிர் வீட்டில் இருக்கும் நானும் சேர்த்துத்தான். "அந்தப் புள்ள தூங்குனாத்தான் ஜனங்க ஒழுங்கா ஊரு போயி சேரும், சிரிக்காதீங்க" என்பாள்.

அடுத்த தெருவில் பீங்கான் கம்பெனி. கரண்டுப் பெட்டியில் மாட்டும் பீஸ் கேரியர்களின் பிசிறைச் சுரண்டுவது இவள் வேலை. மற்றவர்கள் டீ குடிக்கும் நேரத்தில், தலையெல்லாம் வெள்ளை மண்ணோடு வீட்டுக்கு ஓடிவருவாள். பக்கவாதத்தில் விழுந்த கணவர் பழமலையைப் புரட்டிப் படுக்க வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றி, கோழிகளுக்கு நொய் இறைத்து, பைக்கையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடுவாள்.

ஒருநாள் பைக் மெக்கானிக் கடையில் கிடந்தது. ஆள் டூட்டிக்குப் போய்விட்டார் என்று நினைத்து, இவள் சேவலைத் திறந்துவிட்டுப் போய்விட்டாள். அது அடைந்து கிடந்த ஆத்திரத்தையெல்லாம் அவர் ஜன்னலடியில் போய்க் கூவித் தீர்த்தது. நந்தகுமார் பொல்லாதவர் அல்ல. "நான் கண்ணசந்தா பின்னாடி எத்தன பேரு இருக்காங்க, நீங்களே சொல்லுங்க" என்றார் என்னிடம். நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார்.

வந்த ஊழியரும் தன்மையாகவே பேசினார். "கோழிய கூண்டுல வெச்சிக்கங்கம்மா. சேவல் மட்டும் கூடாது. ஞாயித்துக்கெழமைக்குள்ள அனுப்பிடுங்க."

யாருக்காவது விற்றுவிடச் சொன்னேன். பதறிப்போனாள். "கொளஞ்சியப்பர் சாமிக்கு நேந்து வுட்டதுங்க. எங்க வூட்டுக்காரரு எழுந்து, தன் காலால நடந்து வந்து வுடுவாருன்னு வேண்டியிருக்கேன்."

"முன்னாடியே கொண்டுபோயி வுட்டா சாமி வேணாம்னா சொல்லப்போவுது?"

"சாமி சொல்லாதுங்க. இனிமே நடக்க மாட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியது. யாரைக் குறை சொல்வது? தூங்க வேண்டியவர் தூங்கித்தான் ஆக வேண்டும். சட்டமும் நியாயமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டாள். கோயில் இருக்கும் மணவாளநல்லூர் கிட்டத்தில் இல்லை. ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றேன்.

"வேணாங்க. அவரு காலால நடந்து வரதாத்தானே வேண்டுதலு. போயிட்டு வரேன்."

தெருவில் அவள் நடை வழக்கம்போல் இல்லை. காலை இழுத்து இழுத்து வைத்துப் போனாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் போட்டிருந்தது பழமலையின் செருப்பு. சிறிது தூரத்தில் ஒன்று கழன்று பின்னால் விழுந்தது. திரும்பி வந்து, கால் விரல்களை அதற்குள் நுழைத்துக்கொண்டு, மறுபடி நடந்தாள்.